கேட்டி காளைகளின் ஏழாவது ஆள்

மெழுகுவர்த்தியை இன்னும் கொஞ்சம் நடுவில் தள்ளி வையுங்கள். குழந்தைகள் தூங்கியாயிற்றா? சரி. ஐஸ் மழை நின்றுவிட்டது, ஆனால் கரண்ட் இன்றைக்கு வரப்போவதில்லை. டெக்ஸஸில் நாலு சொட்டு ஐஸ் விழுந்தால் ஊரே படுத்துவிடும், நமக்குத் தெரியாததா.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று யாரும் இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். இது அரண்ட ஆளுக்கு நடந்ததில்லை. நம் நாகலக்ஷ்மியின் அக்கா வீட்டுக்காரர் செல்வராஜுக்கு நடந்தது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், பைப்லைன் இன்ஜினியர். சைட்டில் பாம்பு வந்தால் மற்றவர்கள் போனைத் தேடுவார்கள், அவர் குச்சியைத் தேடுவார். பொய்யா சொல்கிறேன், நாகு? தலையை ஆட்டுகிறாள், பாருங்கள்.

டிசம்பர் மாதம். ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது...

கேட்டி ஊருக்கு மேற்கே ஃப்ரீவேயை விட்டு இறங்கினால், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு கவுண்டி ரோடு போகும். விளக்கு கிடையாது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். அன்றைக்கு மூடுபனி வேறு. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய் முட்டி நின்றது. கண்ணாடியை இறக்கினால் ஈர வைக்கோல் வாசனை. எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னால் டிக்கியில், மைதானத்துக்குக் கோடு போடும் தள்ளுவண்டி மட்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

செல்வராஜ் அந்த நேரத்தில் அங்கே எதற்குப் போனார் என்றால், ஃபுட்பாலுக்கு. நம் ஆட்கள் நடத்தும் ஞாயிறு லீக் தெரியுமல்லவா? பேர்லேண்ட் பாண்டியர்ஸ், சுகர்லேண்ட் சோழாஸ், சைப்ரஸ் சிங்கங்கள்... மன்னர்களும் மிருகங்களும். இரண்டு தமிழன் சேர்ந்தால் மூன்று சங்கம் ஆரம்பிப்பான், இதில் மட்டும் எப்படியோ எட்டு கிளப் ஒற்றுமையாக இருக்கிறது. செல்வராஜ், கேட்டி காளைகள் கேப்டன். தொப்பை இருக்கிறது, முட்டி தேய்ந்துவிட்டது, இருந்தாலும் கேப்டன்.

அந்த மைதானத்துக்கு வேலையாள் கிடையாது. எந்த கிளப்பின் முறையோ, அந்த கிளப்பிலிருந்து ஒருவர் விடியுமுன் போய்ச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். எத்தனை பெரிய ஆளானாலும் முறை வந்தால் போகத்தான் வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் டிசம்பரிலும் முறை செல்வராஜுடையதுதான். காய்ச்சல் இல்லை, ஆபீஸ் வேலை இல்லை. குளிரில் போர்வையை விட்டு வர மனசில்லை, அவ்வளவுதான். முந்தின ராத்திரி ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டார். காளைகளின் லெஃப்ட் விங் அவன், பதினோராம் நம்பர். அந்த கிளப்பே அவன் ஆரம்பித்தது. இந்தியன் ஸ்டோரில், கோயில் வரிசையில், எங்கே ஒரு தமிழ்ப் பையனைப் பார்த்தாலும், "தம்பி, பந்து ஆடுவீங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஆள் சேர்த்தவன்.

"நீங்க தூங்குங்ணா," என்றானாம். "உங்க முறைக்கு நான் போறேன்."

போனான். கோடு போட்டான், வலை கட்டினான். எல்லாருக்கும் காபி வாங்கிக்கொண்டு வர மறுபடி காரை எடுத்தான். அந்த வாய்க்கால் வளைவில் கார் தண்ணீருக்குள் போய்விட்டது. மற்றவர்கள் வந்து பார்த்தபோது மைதானம் பளிச்சென்று தயாராக இருந்தது. போட்டவன்தான் இல்லை.

அதற்கப்புறம் காளைகள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மேட்சுக்கு முன்னால் வரிசையாக நின்று கேப்டன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் "வந்தாச்சு" என்று சொல்வான். கடைசியில் ரஞ்சித்குமார் பெயர். அதற்கு மட்டும் மொத்த டீமும் சேர்ந்து சொல்லும், "வந்தாச்சு." உயிரோடு இருக்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். போனவனுக்குத்தான் அடுத்தவர்கள் சொல்வது. வரிசையின் இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடமும் விட்டு வைப்பார்கள். ஆரம்பித்து வைத்தது செல்வராஜ்தான். செத்துப்போனவனை இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள் என்று அவர் மனைவி சாந்தாமணி அப்போதே சொன்னாள். பெண்டாட்டி பேச்சை நம் ஆட்கள் எந்தக் காலத்தில் கேட்டார்கள்.

இப்போது அந்த டிசம்பருக்கு வருவோம்.

அந்த சீசனில் காளைகள் ஆள் சேராமல் இரண்டு மேட்சை ஏற்கனவே விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஏழு பேராவது களத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆடாமலே தோல்வி. மூன்றாவது தடவையும் அப்படி ஆனால் கிளப்பை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்குக் காத்திருக்கிறது ஒரு ஃபுல்ஷியர் கோஷ்டி. டிசம்பரிலோ பாதிப் பேர் இந்தியா போய்விட்டார்கள். செல்வராஜ் வாரம் முழுக்கப் போன் அடித்துக் கெஞ்சி, தன்னையும் சேர்த்துச் சரியாக ஏழு பேரைத் தேற்றியிருந்தார். கிளப் போனால் போகட்டும் என்று விட அவரால் முடியவில்லை. அவன் உயிரைத்தான் தன் தூக்கத்துக்குக் கொடுத்தாயிற்று, அவன் கட்டிய கிளப்பையாவது காப்பாற்ற வேண்டாமா என்ற உறுத்தல். கிளப் போய்விட்டால் அந்தப் பெயரைக் கூப்பிடவும் ஓர் இடம் இருக்காது.

அந்த வளைவு வந்தது. எப்போதும்போல் மெதுவாக்கினார். வாய்க்கால் பக்கம் பார்க்கவில்லை. கடந்து போய்விட்டார்.

மைதானத்தில் காரை நிறுத்தி, தள்ளுவண்டியை இறக்கி, பொடியைக் கொட்டினார். மூடுபனியில் எதிர் கோல்போஸ்ட் தெரியவில்லை. வலது பக்கக் கோட்டை முதலில் போட்டார். சக்கரம் கிரீச்... கிரீச்... என்றது. பிறகு இந்தப் பக்கத்து கோல் கோடு. ஓரத்துக்குப் போய், இடது பக்கக் கோட்டை ஆரம்பிக்க வண்டியைத் திருப்பினார்.

கோடு இருந்தது.

போன வாரத்துக் கோடாக இருக்கும் என்று நினைத்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார். புல் முழுக்கப் பனி ஈரம் சொட்டுகிறது... பொடி மட்டும் இன்னும் நனையவில்லை. இப்போதுதான் போட்ட பொடி. விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

வேறு கிளப்காரன் எவனாவது முறை தெரியாமல் வந்துவிட்டானோ என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பாதி தூரத்தில் அந்தக் கோடு நேராகப் போகாமல் அரைவட்டமாக வெளியே வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று. செல்வராஜ் அங்கேயே நின்றுவிட்டார்.

முந்தின வருஷம் அந்த இடத்தில் ஒரு நெருப்பெறும்புப் புற்று இருந்தது. மற்றவர்கள் அதன் மேலேயே வண்டியை ஏற்றிக் கோடு போடுவார்கள். ரஞ்சித்குமார் மட்டும் சுற்றிக்கொண்டு போவான். எதற்குப்பா பாவம் என்பான். எல்லாரும் அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். வசந்த காலத்தில் மருந்து போட்டுப் புற்றை எடுத்தாயிற்று. இப்போது அங்கே வெறும் புல்தான். இல்லாத புற்றைச் சுற்றிக்கொண்டு கோடு போகிறது.

மைதானத்து ஓரம், ஷெட் பக்கம் சிமெண்ட் தரையில் டக்... டக்... டக்... என்று ஆணி வைத்த ஷூ நடக்கிற சத்தம் கேட்டது. நின்றது. காற்றே இல்லை, ஆனால் நீலகிரித் தைலம் வாசனை வந்தது. ரஞ்சித்குமாருக்கு வலது முட்டியில் பழைய அடி. மேட்சுக்கு முன்னால் அரை பாட்டில் தேய்ப்பான். செல்வராஜ் காருக்குள் போய் உட்கார்ந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, மற்றவர்கள் வரும்வரை இறங்கவில்லை. பாம்புக்குக் குச்சி தேடுகிற ஆள், இதையும் மறந்துவிடாதீர்கள்.

வெளிச்சம் வந்தது. கவின் வந்தான், வைஸ் கேப்டன், அவனும் கோபிப் பக்கம்தான். இன்னும் நாலு பேர் வந்தார்கள். அன்றைக்கு எதிர் டீமான பேர்லேண்ட்காரர்கள் பதினோரு பேரும் வந்து ஓடிப் பழக ஆரம்பித்துவிட்டார்கள். இளமாறன் வரவில்லை. ஃப்ரீவேயில் ஒரு டிரக் கவிழ்ந்து ரோட்டையே மூடிவிட்டார்கள், நகரவே முடியவில்லை என்று மெசேஜ் வந்தது.

"ஆறு பேருதானுங்ணா இருக்கோம்," என்றான் கவின். "சொல்லிரலாமா?"

ரெஃபரி ஒர்டேகா என்று ஒரு பெரியவர். அந்த சீசனில்தான் புதிதாக வந்தவர். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரின் போட்டோ கார்டையும் வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கையில் திருப்பிக் கொடுப்பது அவர் பழக்கம். செல்வராஜின் பையில் ஆறு கார்டோடு ஏழாவதாக ஒன்று இருந்தது. ரஞ்சித்குமாரின் கார்டு. தூக்கிப் போட யாருக்கும் மனசு வராமல் பையிலேயே கிடந்தது.

புத்தி கெட்டுப்போகிற நேரம் என்று ஒன்று வரும் பாருங்கள். செல்வராஜ் ஏழு கார்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கணக்கில் ஏழு என்று காட்டிவிட்டால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம், அதற்குள் இளமாறன் வந்துவிடுவான் என்பது அவர் நினைப்பு. வரிசையாக நின்றார்கள். பெயர் கூப்பிட்டார். வந்தாச்சு, வந்தாச்சு, வந்தாச்சு. கடைசியில் "ரஞ்சித்குமார்" என்றார். இத்தனை நாள் அஞ்சலியாகக் கூப்பிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஆளுக்காகக் கூப்பிட்டார்.

ஐந்து பேரும் சேர்ந்து, "வந்தாச்சு."

ஒர்டேகா வரிசையில் நடந்தார். கார்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், கார்டைக் கையில் கொடுப்பார். கவின். அடுத்தவன். அதற்கடுத்தவன்... செல்வராஜ் கடைசி. அவர் முகத்தைப் பார்த்து, கார்டைக் கொடுத்துவிட்டு, ஒர்டேகா இன்னும் ஒரு எட்டு வைத்தார். வரிசையின் இடது ஓரத்துக் காலி இடத்தில் நின்றார். கார்டைப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். செல்வராஜைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் உயரமாக. ரஞ்சித் உயரமானவன். பிறகு கையை நீட்டினார்... கை திரும்பி வந்தபோது அதில் கார்டு இல்லை.

"செவன். ஓகே," என்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போதே செல்வராஜ் வாயைத் திறந்திருக்கலாம். கிளப் போனால் போகிறது, எங்களிடம் ஆறு பேர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவினும் சொல்லவில்லை. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மேட்ச் எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? பதினோரு பேருக்கு எதிராக ஆறு பேர். பத்து கோல் வாங்கியிருக்க வேண்டும். ஒன்றுகூட வாங்கவில்லை. பேர்லேண்டின் ரைட் பேக், ஆதர்ஷ் என்ற பையன், ஆட்டம் பூராவும் இடது ஓரத்தைவிட்டு அசையவே இல்லை. யாரையோ ஒட்டிக்கொண்டு ஓடினான். கையை விரித்து யாரையோ மறித்தான். பந்து அந்தப் பக்கம் போனால் வெளியே போகாது... கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், திரும்பி வரும். செல்வராஜ் அந்தப் பக்கம் பார்க்காமலே ஆடினார். தைலம் வாசனை மட்டும் போய்ப் போய் வந்தது.

ஜீரோ ஜீரோ. டிரா. கிளப் பிழைத்தது. யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, ஒரு போட்டோ எடுக்கவில்லை. ஆதர்ஷ் கை கொடுக்க வந்தான்.

"அங்கிள், உங்க நம்பர் லெவன் யாரு? செம பிளேயர். ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு. ஷூவெல்லாம் வேற தண்ணி ஊத்துது."

செல்வராஜ் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். இளமாறன் அப்போதுதான் வந்து சேர்ந்து, நடந்தது தெரியாமல் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காரை எடுத்தார். ரோட்டுக்கு வருவதற்குள் டிங்... டிங்... டிங்... என்று அடிக்க ஆரம்பித்தது. சீட் பெல்ட் அலாரம். அவர் பெல்ட் போட்டிருந்தார். டிரைவர் சீட்டுக்கு அல்ல. பக்கத்து சீட்டுக்கு. அதில் ஆள் கனம் விழுந்தால்தான் அது அடிக்கும், நமக்குத் தெரியும். சீட்டில் ஒன்றும் இல்லை. பையைக்கூடப் பின்னால்தான் போட்டிருந்தார்.

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்தார். இழுத்து மாட்டும்போது புறங்கை எதிலோ பட்டது. ஈரமாக, ஜில்லென்று. மாட்டினார். அலாரம் நின்றது.

வாய்க்கால் வளைவு வந்தது. க்ளிக். பெல்ட் தானாகக் கழன்று சர்ரென்று சுருண்டு மேலே போயிற்று. அதற்கப்புறம் அலாரம் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சீட் நனைந்திருந்தது. மோந்து பார்த்தால் வாய்க்கால் சேறு.

சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. இனிமேல் அந்தப் பெயரைக் கூப்பிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை அவர் கேட்டார்.

ஜனவரியில் இந்தியா போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். முழு டீம். நல்ல வெயில். கேட்டி காளைகள் வரிசையாக நின்றார்கள், இடது ஓரத்தில் இடம் விடாமல் நெருக்கிக்கொண்டு. செல்வராஜ் பெயர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் அவரவர் வந்தாச்சு சொன்னார்கள். ரஞ்சித்குமார் பெயரைக் கூப்பிடாமல் விட்டார். அதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தார். புதிதாக வந்த பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான், கேப்டன் வந்திருக்கிறாரா என்று யார் கேட்பது?

கவின் கூப்பிட்டான். "செல்வராஜண்ணா."

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்கு முன்னால், இடது பக்கத்திலிருந்து, கோட்டு ஓரத்திலிருந்து, கொஞ்சம் கம்மிய தொண்டையில் ஒரு குரல் சொல்லிற்று.

"வந்தாச்சு."

பழைய ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கவின் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். செல்வராஜ் அங்கேயே நின்றார். அந்தக் கிளப்பில் ஒருவனுக்காக இன்னொருவன் எப்போது வந்தாச்சு சொல்வான் என்று அவருக்குத் தெரியாதா? அவர் ஏற்படுத்திய வழக்கம்தானே.

அன்றைக்கே கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றிக் கவினிடம் கொடுத்துவிட்டார். கோடைக்குள் வீட்டை விற்றுவிட்டு ஆலன் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் ஃபுட்பால் கிளப் இருக்கிறது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆபீஸிலோ, பாங்க்கிலோ, கோயிலில் அர்ச்சனைக்கோ, யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். வேறு யாராவது சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தான் சொல்வார். இத்தனை நாளும் யாரும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் சாந்தாமணி நினைத்தாள்.

போன வாரம் அவருக்கு நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்பு. காட்டிவிட்டு வரலாம் என்று சாந்தாமணி ஒரு கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனாள். இதெல்லாம் அவள் கண்ணால் பார்த்து நாகுவிடம் சொன்னது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. உள்கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள், சிரித்த முகமாக ஓர் அமெரிக்கப் பெண்.

"செல்வராஜ்?" என்றாள்.

அவர் வழக்கம்போல் பேசாமல் இருந்தார். சாந்தாமணி எழப்போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இரு என்று அர்த்தம்.

அந்தச் சின்ன ஹாலில் நீலகிரித் தைலம் வாசனை அடித்தது.

நர்ஸ் இவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. இவர்களுக்கு இடது பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தாள். கதவை நன்றாகத் திறந்து, ஓர் ஆள் உள்ளே வரும் அளவுக்கு ஒதுங்கி நின்று, பிடித்துக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்தி, ஓர் ஆளின் முட்டி இருக்கும் உயரத்தில் பார்த்தாள்.

முட்டி வலியா, என்று கேட்டாளாம் அன்பாக. அவசரமே இல்லை, மெதுவாக வாருங்கள்.